வாஞ்சூர் வரை நடந்த மாப்பிள்ளை

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை ஆண்ட கடைசி வருஷங்களில், விடியற்காலையில் வாஞ்சூர் சாலையில் தெற்கே நடந்து போகிற ஆளுக்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, நாகூர் தர்காவில் நேர்ச்சை. மற்றது, இடுப்பில் கடத்தல் தங்கம். உடம்பு நன்றாக இருப்பதற்காக ஒருவன் நடப்பான் என்பது அந்தச் சாலைக்குத் தெரியாத சங்கதி. நடப்பது வேறு வழியில்லாதவர்கள் செய்கிற வேலை. வழியிருந்தவர்கள் குதிரை வண்டி பிடித்தார்கள்.

நூகு உடம்புக்காகத்தான் நடந்தான். அதை யாரிடமும் சொல்ல முடியாமலும் நடந்தான்.

வயது முப்பதுக்கு உள்ளே. சைகோனில் ஒரு காரைக்கால் முதலாளியின் துணிக்கடையில் வேலை. அந்த ஊர்ப் பெண்களிடம் அவர்கள் மொழியிலும், பிரெஞ்சு துரைசானிகளிடம் அவர்கள் மொழியிலும், முதலாளியிடம் மௌனத்திலும் பேசப் பழகியவன். ஒரு கோடையில் அவனுக்குத் தாகம் பிடித்தது. குடம் குடமாகக் குடித்தான்; குடித்ததற்கு மேலேயே வெளியேற்றினான். பட்டு மடிக்கிற கை தளர்ந்தது, சட்டை தொளதொளவென்று தொங்கியது. அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டு ரத்தத்தில் சீனி என்றார். முதலாளி வேறு வைத்தியம் சொன்னார்.

"ஊருக்குப் போயி ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு வா. எல்லாம் சரியாப் போயிரும்."

அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். அவர் அதை மூன்று முறை உட்கொண்டவர்.

ஊரில் நூகுவுக்கு இருந்த ஒரே சொந்தம் ராத்தா ஆஸியா பீவி. உம்மாவும் வாப்பாவும் போன பிறகு அவனை வளர்த்துக் கப்பலேற்றியவள். தம்பி நோயைச் சொன்னதும் அவள் முதலில் செய்தது எழுந்து கதவைச் சாத்தியதுதான்.

"வெளிய மூச்சு விட்டுராதே. நம்ம வாப்பாவுக்கும் இதே சீனி இருந்துச்சு. அவுஹ மௌத்தான அன்னைக்குத்தான் உம்மாவுக்கே தெரியும். அவ்வளவு கண்ணியமா வச்சிருந்தாஹ."

"பொண்ணு வீட்டுக்காவது சொல்ல வேணாமா ராத்தா?"

"சொல்லிட்டுக் கட்டுறதுக்கு நீ என்ன வீட்டையா விக்கிறே?"

ஆக, சொல்லாமலே கட்டினார்கள். பெண் திருமலைராயன்பட்டினத்துக் கமாலுதீனின் மூத்த மகள் கைருன்னிஸா. கமாலுதீனும் தம் காலத்தில் சைகோன் பார்த்த சபுராளி. கடல் கடந்து சம்பாதித்தவர்களுக்கு ஊரில் அந்தப் பெயர். அவருக்கு இப்போது தென்னந்தோப்பும், ஓய்வும், ஓய்வை நிரப்பக் கருத்துகளும் இருந்தன. மனைவி அமீர் நிஷாவுக்குச் சமையல் இருந்தது. மூத்தவளுக்கு அடுத்து இன்னொரு பெண் பாக்கி இருந்தாள். வீட்டில் எதைப் பேசினாலும் பேச்சு கடைசியில் அவளிடம் வந்துதான் நிற்கும்.

தேனிலவு என்ற சொல் அப்போது பட்டினத்துக்கு வந்திருக்கவில்லை. நிலவு இருந்தது, தேன் தேவைக்கு மேல் இருந்தது. அந்தக் குடும்பங்களில் கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். வந்து சேர்ந்தவரை முதல் நாற்பது நாளும் ஊட்டி நிமிர்த்துவது வீட்டின் மானம். காலையில் பசியாற நெய்யில் மிதக்கும் பரோட்டாவும் முட்டையும். பகலில் நெய்ச்சோறும் தாளிச்சாவும். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ரவையும் சீனியும் நெய்யில் வெந்த தம்ரூட். இரவு இடியாப்பத்தோடு முட்டையில் செய்த இனிப்பு வட்டலாப்பம். இடையில் சாச்சி வீடு, பெரியம்மா வீடு, வாப்பாவின் கூட்டாளி வீடு என்று விருந்து. எங்கேயும் 'போதும்' என்ற வார்த்தைக்குப் பொருள் 'உங்கள் கைப்பக்குவம் சரியில்லை' என்பதுதான். மாப்பிள்ளையின் தொந்தி மாமியாரின் சமையலுக்கு நற்சான்றான சனது. கல்யாணத்துக்குப் பிறகு மெலிந்த மாப்பிள்ளை தெருவில் நடந்தால், அது அந்த வீட்டின் மேல் சுமத்திய பழி.

இவை அத்தனையும் சீனிக்காரனைக் கொல்வதற்கென்றே யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டதுபோல் இருந்ததே தவிர, ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

கல்யாணமான இரண்டாவது வாரம், முடி வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு நூகு காரைக்காலுக்குப் பஸ் ஏறினான். டாக்டர் தெட்சிணாமூர்த்தி புதுச்சேரியில் பிரெஞ்சு வைத்தியம் படித்தவர், கனத்த சரீரம். சோதனைக் குழாயில் ஒரு நீலத் தண்ணீரை ஊற்றி, நூகு கொடுத்ததில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் பொடி கரைத்ததுபோல் நின்றது.

"நீலமாவே இருந்தா சீனி இல்லை. பச்சைன்னா கொஞ்சம். மஞ்சள்னா நெறைய."

"செங்கல்னா?"

"வீடு கட்டலாம்."

நூகு சிரிக்கவில்லை. சைகோனுக்குத் திரும்பும் கப்பலில் ஏறும் முன் சோதித்துப் பார்க்கப் புதுச்சேரியில் ஒரு டாக்டர் இதே நீலத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார். சைகோனில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் சிப்பாய்களுக்கே போதவில்லை. ஆகவே வெளியிலிருந்து வருகிறவன் திடகாத்திரமாக வர வேண்டும் என்பது உத்தரவு. குண்டு விழுகிற ஊருக்குப் போக ஆரோக்கியம் தேவைப்பட்டது.

"ஊசி இருக்கு தம்பி. தினம் போட்டுக்கணும்."

"மாமியார் வீட்லேங்களா?"

டாக்டருக்கும் ஊர் தெரியும். "சரி, ஊசி வேணாம். சோத்தைக் குறை. இனிப்பைத் தொடாதே. காலையில வேர்க்க வேர்க்க நட. கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கு. நீலம் வராட்டாலும் பச்சை வந்தா ஏத்திக்குவான்." சொல்லிவிட்டு மேசை மேலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டுக்கொண்டார். "எனக்கு இன்னும் வரலை" என்றார், நூகு பார்த்த பார்வைக்குப் பதிலாக.

சோற்றைக் குறைப்பது ஆகாத காரியம். மிஞ்சியது நடை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து நேரே நடந்துவிடலாம் என்று நூகு கணக்குப் போட்டான். எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல். வடக்கே போனால் பெரியம்மா வீடு. கிழக்கே கடலுக்குப் போனால் வழியில் சாச்சா வீடு. மேற்கே வயல்பக்கம் உறவில்லை; ஆனால் மாமனாரின் குத்தகைக்காரர் இளநீர் வெட்டாமல் விடமாட்டார். ஊரைச் சுற்றித் தேடியதில் ஒரு வாய் சோறு போட ஆளில்லாத திசை தெற்கு ஒன்றுதான். பனைமரமும் உவர்மண்ணும், கடைசியில் வாஞ்சூரில் எல்லையும். இந்தப் பக்கம் துவான்காரன் என்று ஊர் சொல்கிற பிரெஞ்சுச் சுங்கக்காரனின் குடிசை. அவன் வெயில் ஏறும் வரை தூங்குவான். சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில். அந்தப் பக்கம் இந்தியச் சுங்கக் கொட்டகை. அங்கே பாலகுரு என்ற காவலர் தூங்கவே மாட்டார். அவருடைய நாட்டுக்குச் சுதந்திரம் புதிது.

நூகு தினமும் போய் மூங்கிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கூடவே இன்னொரு காரியமும் முடிந்தது. முந்தின நாள் கைக்குட்டையில் மறைத்து வைத்த தம்ரூட்டை வீட்டுக் குப்பையில் போட்டால் மாமி பார்ப்பாள். தெருவில் போட்டால் தெரு பார்க்கும். வாஞ்சூரில் காக்கைகள் மட்டும்தான் பார்த்தன. அவை யாருக்கும் உறவில்லை.

பாலகுருவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் மூங்கிலைத் தொட்ட கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"பாய், நில்லுங்க. தினம் வர்றீங்க. இதைத் தொடுறீங்க. திரும்பிடுறீங்க. என்ன விஷயம்?"

"நடக்குறேங்க."

"எங்க?"

"இங்க வரைக்கும்."

"இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. அதான் வர்றேன்."

பாலகுரு அவனை மேலும் கீழும் பார்த்தார். "பாய், நான் எத்தனையோ பேர் பொய்யைக் கேட்டிருக்கேன். கால்ல கடத்தல் கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு வாதம்னு நொண்டினவன் உண்டு. அவன்கூட கொஞ்சம் மரியாதையா பொய் சொன்னான். இடுப்பை அவுருங்க."

சோதனையில் கிடைத்தது ஒரு கைக்குட்டை. அதற்குள் ஒரு துண்டு தம்ரூட். பாலகுருவின் முகத்தில் ஒரு பெரிய உண்மை உதயமாயிற்று. துண்டை மூங்கில் மேல் வைத்துப் பேனாக்கத்தியால் இரண்டாகப் பிளந்தார். பிறகு நான்காக. பிறகு பொடியாக. முகர்ந்தார். கடைசியில், விசாரணையின் ஓர் அங்கமாக, வாயில் போட்டார்.

"ரவைதான்" என்று ஒப்புக்கொண்டார். "நெய் நல்லா இருக்கு."

அந்த நேரம் பார்த்து நாகூரிலிருந்து வந்த முதல் பஸ் மூங்கிலுக்காக நின்றது. பட்டினத்தார் சிலர் ஜன்னலில் இருந்தார்கள். நூகு வேர்க்க விறுவிறுக்க வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

கமாலுதீன் கூடத்தில் காத்திருந்தார்.

"உக்காருங்க மாப்ள. நான் ஒண்ணும் கேக்கலை."

"மாமா, அது வந்து..."

"கேக்கலைன்னு சொன்னேன்ல. கேட்டா நீங்க சொல்லணும். சொன்னா எனக்குத் தெரிஞ்சு போவும். தெரிஞ்சா நான் நாளைக்கு யாருகிட்டயாவது பொய் சொல்லணும். அஞ்சு வேளை தொழுவுறவன்." குரலைத் தாழ்த்தினார். "சோதிச்சானா?"

"சோதிச்சாருங்க."

"கெடைச்சுச்சா?"

"ஒண்ணும் கெடைக்கலை."

கமாலுதீன் கண்ணை மூடி 'அல்ஹம்துலில்லாஹ்' என்றார். திறந்தபோது அதில் ஒரு மாமனாருக்கு உரிய பெருமை முழுசாக இருந்தது. "தம்ரூட்! எங்க காலத்துல செருப்புக்குள்ளதான் வைப்போம். என்ன மூளை மாப்ள உங்களுக்கு!"

நூகு அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தான். ஆனால் கமாலுதீன் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயைத் திறப்பது கொட்டாவிக்காக மட்டும்தான்.

"இதுல ஒண்ணும் வெக்கமில்லே. தொழில். அங்க கோட்டுச்சேரியில நடந்தது தெரியுமா? சேக் அலாவுதீன் வீட்ல சீனி வியாதிக்காரனைக் கொண்டாந்து கட்டி வச்சுட்டானுவ. தெரிஞ்சதுக்கு அப்புறம் அடுத்த பொண்ணைக் கேட்டு ஒரு ஈ காக்கா அந்தத் தெருவுக்குள்ள வரலை. மாப்பிள்ளையைப் பாத்து வாங்கத் தெரியாத வீட்ல போயி எவன் பொண்ணெடுப்பான்? அலாவுதீன் இப்ப ஜும்ஆவுக்குக்கூடக் கடைசி வரிசையில நிக்கிறாரு. நம்ம வீட்லயும் சின்னவ இருக்கா மாப்ள."

நூகு திறந்த வாயை மூடிக்கொண்டான். கமாலுதீன் அந்த மௌனத்தைத் தொழில் ரகசியமாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நூகுவுக்கு ஊரில் மதிப்பு ஏறியது. கடைத்தெருவில் அவனைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்கள் உண்டானார்கள். அமீர் நிஷா மட்டும் கவலைப்பட்டாள். அவள் கவலை அடுப்பில்தான் போய் முடியும்.

"உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு அலையிற உடம்பு. வெறும் வயித்தோட போவக் கூடாது" என்று சுபுஹுக்கு முன்பே நெய்யில் அடித்த முட்டையும் சீனிப்பாலும் கொண்டுவந்து நிற்பாள். நூகு எவ்வளவு நடந்தானோ அவ்வளவு ஊட்டினார்கள். ஊட்டினதைக் கரைக்க அவன் இன்னும் வேகமாக நடந்தான். வேகமாக நடந்ததைப் பார்த்தவர்கள், சரக்கு பெரிசு என்றார்கள்.

தப்பிக்க அவன் கண்ட ஒரே வழி, புதுசில் புருஷன் பெண்டாட்டி அறைக்குள் ஒரே தட்டில் சாப்பிடுகிற வழக்கம். கறியை, முட்டையை, வட்டலாப்பத்தை எல்லாம் மெல்லக் கைருன்னிஸாவின் பக்கம் தள்ளிவிடுவான். அவளும் வெட்கத்தோடு சாப்பிட்டுவிடுவாள். ஒரு நாள் பகல் சாப்பாட்டில் கையைத் தட்டுக்கு வெளியே எடுத்துவிட்டாள்.

"உங்களுக்கு என்னைப் புடிக்கலையாங்க?"

"ஏன் புள்ள?"

"எல்லாத்தையும் என் பக்கமே தள்ளுறீங்க. ரவிக்கையை ரெண்டு தடவை பிரிச்சுத் தச்சாச்சு. ஊர்ல புருஷன் ஆசையா ஊட்டுவாஹன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க மாட்டுக்குத் தீனி தள்ளுற மாதிரில தள்ளுறீங்க."

நூகு சொல்லிவிட்டான். தாகம், செங்கல் நிறம், வாப்பா, வாஞ்சூர்க் காக்கை எல்லாவற்றையும். அவள் அழுவாள், எழுந்து உம்மாவைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மௌத்தாயிருவீங்களா?"

"இப்ப இல்லே."

"சைகோன் போனா?"

"அங்கே எவனும் நெய்யூத்த மாட்டான்."

"அங்க காலையில என்ன சாப்புடுவாஹ?"

"கீரையும் மீனும் போட்ட தண்ணி மாதிரி ஒண்ணு. இனிப்பே இருக்காது."

"எனக்கு ஆக்க வருமா?"

"தண்ணி வைக்கத் தெரிஞ்சா போதும்."

அந்தக் காலத்தில் சபுராளிகள் பெண்டாட்டியைக் கூட அழைத்துப்போவது அபூர்வம். இருந்தாலும் அன்றைக்கு இரண்டு பேரும் பேச்சிலேயே சைகோனில், துணிக்கடைக்கு மேல் மாடியில், யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அடுப்பை மூட்டிவிட்டார்கள். அவன் முதலில் போவது, ஒரு வருஷத்தில் அவளைக் கூப்பிட்டுக்கொள்வது. எல்லாம் அந்த நீலத் தண்ணீர் மனம் வைப்பதில் இருந்தது. கைருன்னிஸா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மிச்ச வட்டலாப்பத்தையும் சாப்பிட்டாள். காதல் பலவிதம், அவளுடையது பசியில்லாமல் சாப்பிடுகிற விதம்.

அவள் சதை போட்டதைப் பார்த்து வீட்டுப் பெண்கள் தங்களுக்குப் பிடித்த முடிவுக்கு வந்தார்கள். அவள் இல்லையென்று மறுத்தால் அதை வெட்கம் என்றார்கள். அமீர் நிஷா, "ரெண்டு உசுருக்கு ஆக்கணும்ல" என்று தட்டையே மாற்றி, அதைவிடப் பெரிய தட்டை வைத்தாள்.

இவ்வளவுக்கும் நடுவில், நம்ப முடியாதபடி, உடம்பு தேறியது. அடுத்த முறை காரைக்காலில் டாக்டர் காய்ச்சிய குழாய் மஞ்சளைத் தாண்டவில்லை. அதற்கடுத்த முறை பச்சையிலேயே நின்றுவிட்டது. கப்பலுக்குச் சில நாட்களே இருந்தன.

"பச்சை!" என்றான் நூகு, தேர்வில் தேறியவனைப்போல.

"இப்படியே வாயைக் கட்டிக்கிட்டுக் கப்பல் ஏறிடு. பயணத்துக்கு முந்தின ரெண்டு நாள்தான் முக்கியம்" என்றார் டாக்டர்.

பயணத்துக்கு முந்தின நாள்தான் பயண விருந்து.

சபுர் போகிறவனை வாய் இனிக்க வழியனுப்ப வேண்டும். கசந்த வாயோடு கடலேறியவன் திரும்பியதில்லை என்று அந்தக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. ஆகவே உறவு மொத்தமும் கூடி, ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு கவளம் இனிப்பு ஊட்டுவார்கள். நூகுவை நடுவில் உட்காரவைத்தார்கள். சஹன் தட்டு நிறையத் தம்ரூட், வட்டலாப்பம், சீனி தூவிய நெய்ப் பாச்சோறு. ஆஸியா பீவியும் வந்திருந்தாள். வாப்பாவின் கண்ணியத்தை முகத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

அமீர் நிஷா முதல் கவளத்தை எடுத்தாள். அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து கைருன்னிஸாவின் குரல் வந்தது.

"குடுக்காதீங்க உம்மா! அவுஹளுக்குச் சீனி வியாதி!"

ஆஸியா பீவி தலை முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். பிறகு கமாலுதீன் சிரித்தார். தொடை தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா எம் மவளை! அப்படித்தான் புள்ள சொல்லணும். துவான்காரன் வந்து ஏன் நடக்குறான்னு கேட்டாலும் இதையே சொல்லு. சீனி வியாதியாம், நடக்கச் சொல்லியிருக்காஹளாம்! ஊர்ல எவனாவது நம்பாம இருப்பானா?"

கூடமே சிரித்தது. ஒரு சாச்சா, "மாப்புள சொல்லிக் குடுத்துருப்பாரு. கெட்டிக்காரரு" என்றார். கைருன்னிஸா இன்னொரு முறை சொன்னாள். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இரண்டு மாதமாக மறைத்த உண்மையை ஊர் கூடிய இடத்தில் போட்டு உடைத்தாயிற்று. ஆனால் அதை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் இல்லை.

அமீர் நிஷாவின் கை வாயருகே நின்றது. நெய் விரலிடுக்கில் வழிந்தது. அவள் கண் கலங்கியிருந்தது; சிரிப்பில் அல்ல, மாப்பிள்ளை போகிறார் என்று. நூகு திரையைப் பார்த்தான். திரை அசையவில்லை. வாயைத் திறந்தான்.

அதற்குப் பிறகு வந்த கைகளை அவன் எண்ணவில்லை.

புதுச்சேரிக்கு மாமனாரே கூட வந்தார். பேரளம் போய் ரயில் மாறி, எல்லையில் இந்தியச் சுங்கத்தார் பெட்டியைக் கவிழ்த்தபோதெல்லாம் கமாலுதீன் மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தார். எதுவும் கிடைக்காதபோதெல்லாம் அவர் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. பெட்டிக்குள் அமீர் நிஷா வழிக்கு வைத்த தம்ரூட் டப்பா இருந்தது. நூகு அதைத் தொடவில்லை. ரயிலில் தண்ணீர் மட்டும் குடித்தான், நிறையக் குடித்தான். தாகம் திரும்பியிருந்தது.

டாக்டர் ஒரு வெள்ளைக்காரர். நீலத் தண்ணீரைக் காய்ச்சினார். நூகு ஜன்னல் வழியே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். குழாயைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. ஆனால் டாக்டர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது, கடலின் குறுக்கே அந்தச் செங்கல் நிறம் வந்து நின்றது. டாக்டர் பிரெஞ்சில் இரண்டு வாக்கியம் சொன்னார். கதவருகே நின்ற கமாலுதீனுக்கு அந்த மொழி நன்றாகவே தெரியும்.

வெளியே கடற்கரைச் சாலையில் அவர் வெகுநேரம் பேசவில்லை. அவருக்கு அது வழக்கமில்லாததால் மூச்சு வாங்கியது.

"அப்ப வாஞ்சூருக்கு?"

"நடந்தேன் மாமா."

"வெறுமனே?"

"வெறுமனே."

"தம்ரூட்டுக்குள்ள?"

"ஒண்ணுமில்லே."

கமாலுதீன் ஒரு சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தார். ஏமாற்றப்பட்டவரின் முகம் அது. நோயை மறைத்துப் பெண்ணெடுத்த மோசடி ஒருபக்கம் இருக்கட்டும். கடத்தல்காரன் என்று நம்பவைத்தானே, அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லைபோல் இருந்தது. பிறகு மெல்ல அவர் மூளை வேலை செய்தது.

"நல்லவேளை. அன்னைக்கு அவ கத்துனதை ஒருத்தனும் நம்பலை."

"மாமா, ஊர்ல சொல்லிருவோம். வீட்லயே இருந்து பத்தியமா..."

"பத்தியமா? சின்னவளை என்ன பண்றது? அவளைக் கொண்டுபோயி கடல்ல போட்டுறவா?" எழுந்துகொண்டார். எல்லாம் தீர்மானமாகிவிட்டது. "கேட்டுக்குங்க. கடத்தல் சந்தேகத்துல கப்பலேற விடாம நிறுத்திப்புட்டானுவ. அப்படித்தான் ஊர்ல சொல்றது. கௌரவமா இருக்கும். பட்டினத்துல பாதிப் பேரை அப்படி நிறுத்தியிருக்கானுவ. நீங்க முன்ன மாதிரியே சாப்புடணும். கையை இழுத்தீங்கன்னா ஊருக்குப் புரிஞ்சு போவும். அப்புறம் அந்த வாஞ்சூர் நடை வேணாம்."

"அது எதுக்கு மாமா?"

"சந்தேகப்பட்டு நிறுத்தின ஆளு மறுபடி எல்லைப் பக்கம் போவானா? யோசிச்சுப் பாருங்க. நம்ப மாட்டாங்கள்ல."

நூகு யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் இருந்தது. கமாலுதீன் கெட்டவர் அல்லர். திரும்பும் ரயிலில் மாப்பிள்ளை படுக்கத் தம் மேல்துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். ஸ்டேஷன்தோறும் இறங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். "கொஞ்சநாள்தானே மாப்ள. சின்னவ நிக்காஹ் முடியட்டும்" என்றார். சின்னவளுக்கு அப்போது பதினான்கு வயது.

வீட்டில் செய்தி சொல்லப்பட்டது. ஊர் வந்து விசாரித்தது. நிறுத்தப்பட்ட வீரனைப் பார்க்கக் கூடம் கொள்ளாத கூட்டம். அமீர் நிஷா, அல்லாஹ் மாப்பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று ஆடறுக்கச் சொன்னாள். வழக்கமாக அறைக்குள் வைக்கும் தட்டை அன்று கூடத்திலேயே வைத்தார்கள், எல்லோரும் பார்க்கும்படி. ஊற்றிய நெய் சோற்றுக்கு மேலே நின்றது.

"சாப்புடுங்க மாப்ள" என்றார் கமாலுதீன். அவர் மட்டுமே நூகுவின் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்று, தாமே அகப்பையை வாங்கி இன்னொரு கரண்டி போட்டார்.

நூகு சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. இரண்டு மாதமாக அவன் அதை ருசி பார்க்காமலே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். தட்டு காலியானது.

"இன்னும் கொஞ்சம் போடுங்க மாமி" என்றான்.

அமீர் நிஷா அகப்பையைத் திரும்ப வாங்கிப் போட்டாள். "கேட்டு வாங்குறாஹ!" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "இன்னைக்குத்தான் எம் மாப்ள கேட்டு வாங்கிச் சாப்புடுறாஹ." கல்யாணம் ஆனதிலிருந்து அவள் காத்திருந்தது இதற்குத்தான். சந்தோஷம் தாங்காமல் உள்ளே திரும்பி, "ஏ புள்ள, அந்த வட்டலாப்பத்தை எடுத்துட்டு வா, நீயே வந்து வை" என்றாள்.

கைருன்னிஸா திரைக்குப் பின்னால் கிண்ணத்தோடு நின்றாள். உம்மா மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு வாப்பா கூப்பிட்டார், கொஞ்சம் கடுமையாக. அவள் வெளியே வந்து, கிண்ணத்தைத் தட்டுக்கு அருகில் வைத்துவிட்டு, கூட்டத்தின் முன்னால் புருஷனோடு உட்காரக் கூடாது என்பதையும் மறந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.